அவர் போட்ட ‘டு’

செய்தி, சுற்றறிக்கை நோட்டோடு வந்தது. எட்டாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. பள்ளி ஆயா அஞ்சலை நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, “சம்பத் சார் போயிட்டாராம் டீச்சர். ஸ்ரீரங்கத்துல, காலையில” என்றாள். மாலை நான்கு மணிக்கு இரங்கல் கூட்டம் என்று நோட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆசிரியர்கள் அனைவரும் ‘கமென்ஸ் டு அஸெம்பிள்’ ஆக வேண்டுமாம். எழுதியவள் அவரிடம் ஆங்கிலம் படித்து, இங்கேயே ஆசிரியையாக வந்தவள். மனிதர் போய்விட்டார், அவர் போட்ட ‘டு’ போகவில்லை என்று நினைத்துக்கொண்டே கையெழுத்திட்டேன்.

பள்ளி மலருக்காக அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். இதைப் படிக்கப்போகிற நீங்கள் அவரை அறிந்தவர்கள். உங்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை. பதினைந்து வருஷம் அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளும் அவர்மேல் எனக்கு மரியாதை இருந்ததில்லை.

தமிழில் நாம் எதையும் ‘ஆரம்பித்தேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொற்கள் இருப்பதைக் கண்டதும் சம்பத் சார் மூன்றுக்கும் அந்தஸ்து வகுத்துவிட்டார். “ஸ்டார்ட்டுங்கறது மோட்டாருக்கும் குதிரைக்கும். பிகின் குழந்தைகளுக்கு. படிச்சவா எழுதறது கமென்ஸ்” என்பார். ‘ஸ்டார்ட்’டுக்கும் ‘பிகின்’னுக்கும் பின்னால் ‘டு’ போட்டு ஒரு வினையை எழுதினால் இயல்பாக உட்காரும். ‘கமென்ஸ்’ஸுக்குப் பின்னால் அப்படி எழுதுவதை நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர்கள் விரும்புவதில்லை. நம் சாரோ தொப்பியைக் காலில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் அப்படியே நடக்க வேண்டும் என்றார்.

பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளுக்கு அவர்தான் வரவேற்புப் பத்திரம் வாசித்தார். “வி ஹாவ் கமென்ஸ்ட் டு ரிஜாய்ஸ்” என்று அவர் குரலை உயர்த்தியதும் அந்த அம்மாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கீழே இறங்கி வந்த சார், “பார்த்தேளா மிஸ், ஆனந்தத்துல அவாளுக்குக் கண்ணு கலங்கிடுத்து” என்றார். நான் “ஆமாம் சார்” என்றேன்.

அஞ்சலைக்கு ஆங்கிலம் தெரியாது. அவரை முறையாக மதிப்பிட்டவள் அவள் ஒருத்திதான். யுத்தத்தின்போது கரிப்புகையில் ஓடிய பஸ்கள் நினைவிருக்கும். பள்ளி வாசலில் ஸ்ரீரங்கம் பஸ்ஸின் கரியடுப்பு விசிறியை ஆள்விட்டுச் சுற்றுவார்கள். அது இருமும், அடங்கும், மறுபடி இருமும். சார் குடையோடு வராந்தாவில் நிற்பார். “அவசரப்படாதீங்க சார், பஸ்ஸு இன்னும் கமென்ஸு ஆகலை” என்பாள் அஞ்சலை. அவரோ தம் போதனை ஆயா வரைக்கும் எட்டிவிட்டதாகப் பூரித்துப் போவார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். யுத்தத்துக்கு முந்தின வருஷம் செல்லம்மாள் என்ற பெண் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரி விவசாயி மகள். பொன்மலையில் ரயில்வே வேலையில் இருந்த மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். பொதுப் பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் பள்ளித் தேர்வில், ஓடத்தில் கொள்ளிடம் கடந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். “வி ஸ்டார்ட்டட் டு கிராஸ் தி ரிவர்.” “மை பிரதர் பிகான் டு க்ரை.” இப்படி நாலு இடங்கள். நாலையும் சிவப்புப் பென்சிலால் அடித்து, மேலே ‘கமென்ஸ்ட்’ என்று எழுதி, அரை அரை மார்க்காகக் குறைத்திருந்தார் சார். சரியாக அந்த இரண்டு மார்க்கில் அவள் தவறினாள்.

விடைத்தாளை என்னிடம் கொண்டு வந்தாள். “ஸ்டார்ட்னு எழுதினா தப்பா டீச்சர்? எட்டாவதுல நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“தப்பில்லை.”

“மாமாவுக்கு ஈரோட்டுக்கு மாத்தல் ஆயிடுச்சு. இந்த வருஷம் விட்டா எனக்குத் தங்க இடமில்லைங்க.”

“நான் பேசறேன், போ” என்றேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் பட்டியலில் கையெழுத்திடுமுன் தலைமையாசிரியை, “யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். “அந்தச் செல்லம்மாள் பேப்பரில்...” என்றேன். சம்பத் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சொல்லுங்கோ மிஸ். என் திருத்தத்துல ஏதாவது தப்பா?” என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்.

“ஒண்ணுமில்லை சார்.”

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “மிஸ் ஸ்டார்ட்டட் டு ஸ்பீக்! கவனிக்கணும். ஸ்பீக்கிங்னு போட்டா, பேசினதா அர்த்தம். ‘டு’ போட்டா, வாயைத் திறந்ததோட சரி.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினைந்து வருஷத்தில் அவர் பிழையில்லாமல் சொன்ன ஆங்கில இலக்கணம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதைக்கூட மூன்று சொற்களில் கீழானது என்று அவர் ஒதுக்கி வைத்த சொல்லைக் கொண்டுதான் சொன்னார்.

என் வேலை நிரந்தரமாயிற்று. செல்லம்மாள் ஊருக்குப் போனாள். அடுத்த வருஷம் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாகத் தமிழில் எழுதிவிட்டு, கடைசி வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: “ஐ ஹாவ் கமென்ஸ்ட் டு ஃபர்கெட் மை இங்கிலீஷ்.” சரியாக எழுதிவந்த பெண். அவர் திருத்தத்தையே சரி என்று நம்பி, கவனமாக, தப்பாக எழுதியிருந்தாள். அவளிடம் அது தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். செல்லம்மாளைப் பற்றிச் சொல்வது என்றுதான் எழுந்தேன். “கண்டிப்பான ஆசிரியர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். காலியாக விட்டிருந்த அவர் நாற்காலியிலிருந்து யாரோ ‘டு ஸ்பீக்’ என்றது போலிருந்தது.

அறியாமல் தப்புச் செய்தவர் அவர். அறிந்தே வாயை மூடிக்கொண்டவள் நான். அவரை இகழ எழுத உட்கார்ந்தால், பாதிக்கு மேல் என் பக்கமே திரும்புகிறது.

பள்ளி இறுதி எழுதாத பெண்களுக்கு இந்த மலர் அனுப்பப்படுவதில்லை. ஆகவே அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு கார்டு எழுதி மருங்காபுரிக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்: ‘செல்லம்மாள், உன் கட்டுரையில் அந்த நாலு இடமும் சரி. சார் திருத்தியதுதான் தப்பு. அன்றே எனக்குத் தெரியும்.’

சாருடைய குடையும் சிவப்புப் பென்சிலும் ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவர் எனக்கென்று விட்டுப்போன ‘டு’ என்னிடம் இருக்கிறது.