மதர்போர்டு போச்சு என்றவரின் கடையில்

போத்தனூரில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறேன். ஒரு நாள் என் பழைய கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றியது, திரையில் எதுவும் வரவில்லை. ஒரு மாணவியின் ஆய்வேடு அதில்தான் இருந்தது. கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்றார்.

பக்கத்து வீட்டுப் பாத்திமாதான் ராம் என்கிற நினைவக அட்டையைக் கழற்றி, அதன் முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். திரை வந்துவிட்டது.

ஆத்திரத்தோடு மறுநாளே அந்தக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரோடு வந்திருந்த ஓர் ஆசிரியையிடமும் கடைக்காரர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ராமைத் தொடச்சுப் பாத்தீங்களா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"வாங்க அம்மணி, எங்க ஊட்டுல பாத்துக்கலாம்" என்று ஆசிரியையைக் கையோடு அழைத்து வந்தேன். ராமைத் துடைத்ததும் அவருடைய கம்ப்யூட்டரும் சரியானது.

இப்போது தெருவில் யார் கம்ப்யூட்டர் இருண்டாலும், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு நானே ராமைத் துடைத்துத் தருகிறேன். அந்தக் கடைக்கு ஒருவரையும் போக விடுவதில்லை.