ரராவாயிலிருந்து சுவாவுக்கு, மாமாவின் இரண்டு கட்டிகளுடன்

எங்கள் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த அடுத்த மாதம், மாமாவோடு ரராவாயிலிருந்து தலைநகர் சுவாவுக்குப் போனேன். அவர் காதுக்கு முன்னால் ஒரு கட்டி, பிறகு தாடைக்குக் கீழே இன்னொன்று. இரண்டிலும் ஊசி குத்திச் சோதனைக்குச் சதை எடுத்திருந்தார்கள். முடிவு கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்த டாக்டர், கவிழ்ப்புக்குப் பயந்த மற்ற இந்தியர்களைப் போலவே, ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டிவிட்டார். மாமாவும் அத்தையும் கைக்குழந்தையோடு ஆக்லாந்து விசாவுக்குக் காத்திருந்தார்கள். கட்டி கெட்டது என்றால் மாமாவுக்கு விசா கிடைக்காது.

பக்கத்து டவுனான பாவில் காலை ஆறரைக்கு பஸ். லௌதோகா, நாந்தி வழியாகச் சுமார் இருநூற்று அறுபது கிலோமீட்டர். வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும். மாமா அங்கே உட்கார்ந்தது கடலுக்காக அல்ல. வீங்கிய கன்னத்தை ஜன்னல் பக்கம் மறைக்க.

"மேல இருந்தது கீழ எறங்குதுடா. எண்ணெய் போட்டு நீவுனதுல எளகிருச்சு."

"அதுக்கு விசா வந்திருச்சு மாமா. நமக்கு முன்னாடி கெளம்புது."

மாமா சிரித்தார். கன்னம் ஒரு பக்கம்தான் அசைந்தது.

சோதனைச் சாவடியில் சிப்பாய் ஏறி, கன்னத்தில் என்ன என்று இந்தியில் கேட்டார். "வெடிக்காது சார்" என்றேன். எல்லாரையும் இறக்கிப் பைகளைக் கொட்டவைத்தார். சாவடியில் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

மேல் கட்டி எங்கேயும் இறங்கவில்லை என்றார் சுவா ஆஸ்பத்திரி டாக்டர். உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய். அதிலிருந்து பிரிந்த செல்கள் நிணநீரோடு ஓடி, கழுத்தில் நெறி கட்டுகிற முடிச்சுகளில் தங்கி வளர்கின்றன; ஒன்றிலிருந்து அடுத்ததற்கும் போகும். சுரப்பியையும் முடிச்சுகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். கதிர்வீச்சுக்கு இந்தியா போக வேண்டும், இங்கே கிடையாது.

எங்கள் தெருவும் அப்படித்தான் காலியாகிறது. பெரியவர் இருந்த இடத்திலேயே இருக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு ஊரில் குடியேறுகிறார்கள். இது நாக்கு நுனிவரை வந்தது. மாமாவைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

வெளியே வந்ததும் மாமா தொலைபேசியை என் கையில் கொடுத்தார்.

"அத்தைகிட்ட நீயே சொல்லுடா. என்னால முடியல."

சொன்னேன். அத்தை சிரித்தார். "போதும்டா ஒன் வெளையாட்டு. மாமா கிட்ட குடு." நான் மறுபடி சொன்னேன். நானும் சிரிப்பேன் என்று அத்தை காத்திருந்தது கேட்டது.

போகிறவர்களுக்கு: வலியில்லாமல் வளரும் கட்டியை நீவாதீர்கள், உடனே காட்டுங்கள். கழுத்தையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். துணைக்கு, வீட்டில் சொன்னால் நம்புகிற ஆளாகப் பார்த்து அழைத்துப் போங்கள்.