அஜீசுன்னிசாவின் இரண்டு காய்ச்சல்கள்

1955-ஆம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடித்த கையோடு தாவூது ரங்கூன் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்கு ஏறினான். அன்று மாலையே ராயபுரத்தில் அவன் மனைவி அஜீசுன்னிசாவுக்குக் காய்ச்சல் கண்டது. புருஷன் போன ஏக்கம் என்றது தெரு.

"ஏக்கத்துக்கு இன்னாத்துக்குடி பல்லு கடகடன்னு அடிச்சிக்கினு கீது?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள் அவள்.

இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பை எதிர்த்துக் கிளம்பும் நோய் அது. கிளம்பினால் கன்னம் சிவக்கும், மூட்டு வீங்கும், காய்ச்சல் அடிக்கும். டாக்டர் ஞானதுரை கார்ட்டிசோன் மாத்திரையைக் கூட்டுவார், அடங்கிவிடும். ஆனால் கிருமியை எதிர்க்கும் பலத்தையும் அந்த மாத்திரை சேர்த்தே அடக்கும். காய்ச்சல் கிருமியால் வந்திருந்தால், கூட்டிய மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.

மறுநாள் நாத்தனார் ஜெரினா அவளை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பழைய நோய்தான் என்று நினைத்த டாக்டர், மாத்திரையை இரட்டிப்பாக்கப் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க டாக்டரய்யா. இது அந்தக் காச்சல் இல்ல. அது வந்தா முட்டிய மடக்கவே முடியாது. இப்ப பாருங்க." கட்டிலில் சம்மணம் போட்டுக் காட்டினாள். "அதுக்குக் குளிரும் கெடையாது. இது என்னை மாவு சலிக்கிற மாதிரி ஆட்டிக்கினு கீது."

"நீயே டாக்டர்னா நான் எதுக்கும்மா?"

"மாத்திரை எழுதத்தான்!"

"ரங்கூன்லயும் பினாங்குலயும் எத்தனையோ நோயாளிங்களைப் பார்த்துட்டேன். வைத்தியர்கிட்ட இப்படி வழக்காடுறவளைப் பார்த்ததில்ல," என்றார் டாக்டர்.

ஞானதுரை சிரித்துக்கொண்டே பேனாவை மூடி, ரத்தம் எடுக்கச் சொன்னார். முன்பு நோய் கிளம்பியபோதெல்லாம் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன, இப்போது ஏராளம். "மாத்திரையாலும் கொஞ்சம் ஏறும். இவ்வளவு ஏறாது. கிருமி எங்கியோ ஒளிஞ்சிருக்கு." தொண்டை, நெஞ்சு, சிறுநீர் எதிலும் குறையில்லை. பாதங்களைப் பார்த்தார். இரண்டும் மருதாணியில் செக்கச்செவேல்.

"சூடு தணியட்டும்னு ராத்திரி நான்தான் அப்பினேன்," என்றாள் ஜெரினா பெருமையாக.

டாக்டர் கையால் தடவிப் பார்த்தார். வலது குதிகால் மட்டும் கொதித்தது. அழுத்தியதும் அஜீசுன்னிசா துள்ளினாள்.

"மீன் வாங்கசொல்ல கெளுத்தி முள்ளு குத்துச்சு. அது இன்னா பெருசா?"

"ஐயோ மச்சி, செவப்பு மேலயே செவப்பப் பூசிட்டேனே!"

குதிகாலைக் கீறியதும் சீழ் வந்தது. டாக்டர் கார்ட்டிசோனைக் கூட்டவில்லை. திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் நிறுத்தவும் இல்லை. பென்சிலின் ஊசி போட்டார். குளிர் விட்டது, காய்ச்சலும் இறங்கியது. கொஞ்ச நாளில் அவள் தன் காலால் நடந்தே வீடு திரும்பினாள்.

மூன்று வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில், கொருக்குப்பேட்டைக்குக் குடி மாறியிருந்த அவளிடமிருந்து டாக்டருக்கு ஆள் மூலம் சேதி வந்தது:

"காச்சல் கீது. குளிர் இல்ல. ரெண்டு முட்டியும் வீங்கிக்கிச்சு. உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தேடிட்டேன், ஒரு கீறல் இல்ல. இது நம்ம பழைய ஆளுதான். இருந்தாலும் ரத்தம் எடுக்க ஊசிய ரெடி பண்ணுங்க, வந்துகினே கீறேன்."