காளியாயி உட்காரும் இடம்

கீழிருந்து மூன்றாவது பலகையில் உட்கார்ந்து பார்த்தார் காளியாயி. எழுந்தார். ஒரு முழம் இடப்பக்கம் நகர்ந்து மறுபடியும் உட்கார்ந்தார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து சாலை வெளியே வரும் இடத்தைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு படகுத்துறைப் பக்கம் சாலை சட்டென்று மடங்கும் வளைவைப் பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை. இன்னும் ஒரு சாண் நகர்ந்தார்.

கீழே சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்த முருகேசன் மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, இன்னும் கட்டி முடியலீங்க. எறங்குங்க."

"எறங்கிக்கறேனுங்க. ஏனுங்க மேஸ்திரி, இந்தக் கேலரி நாளைக்கும் இதே எடத்துல தானுங்க இருக்கும்? அப்பறமா வந்து நவுத்தி வெச்சுற மாட்டீங்களே?"

"இத்தாப் பெரிய கேலரிய யாருங்க நவுத்தறது?"

"இல்லீங்க, ஒரு வார்த்த கேட்டு வெச்சுக்கலாமுன்னு."

இது போன ஆண்டு மே மாதம் நடந்தது. கோடை விழாவை ஒட்டி எங்கள் ஊர் மோட்டார் கிளப் நடத்தும் பைக் பந்தயத்துக்கு முதல் நாள். ஏரியைச் சுற்றிப் போகும் சாலையும் ஒண்டிக்கடை முக்கும்தான் பந்தயப் பாதை. காலையில் பஸ்களை ஏரிப்பக்கம் வரவிடாமல் மேலேயே நிறுத்திவிட்டு, வளைவுகளில் வைக்கோல் கட்டும் பழைய டயரும் அடுக்கிவிடுவார்கள். பஸ் நிலையத்தை ஒட்டி போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு அன்று ஒரு நாள் கேலரி வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. உட்காரும் இடத்துக்காக ஜனங்கள் படும் பாட்டை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சிலருக்கு நிழல் வேண்டும். சேலத்திலிருந்து வரும் இளவட்டங்களுக்கு வளைவை ஒட்டியே வேண்டும். யாராவது சறுக்கினால் நன்றாகத் தெரிய வேண்டுமாம். குடும்பத்தோடு வருகிறவர்கள் ஓடி இறங்க வசதியாக ஓரமாகக் கேட்பார்கள். காளியாயி கேட்பது இவை எதுவும் இல்லை. பைக் ஓட்டி வரும் தம்பியின் கண்ணில் தான் படுகிற இடம் எதுவோ, அது வேண்டும் அவருக்கு.

பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டுக்காரர். நாற்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு, பெரிய கைகள். கோடையில் ஏரிக்கரையில் பலாச்சுளை விற்கிறார். ஒரு கொட்டாங்கச்சியில் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு, கத்தியிலும் உள்ளங்கையிலும் தடவிக்கொண்டு, பழத்தைப் பிளந்து நடுத்தண்டை ஒரே இழுப்பில் உருவிவிடுவார். பால் ஒரு சொட்டு சேலையில் படாது. மற்ற மாதங்களில் சொந்தக் காட்டில் கேழ்வரகும், ஆரஞ்சும், கொஞ்சம் காப்பியும். புருஷன் செல்லப்பனுக்கு எஸ்டேட்டில் வேலை. பந்தயத்துக்கு அவரை ஏன் அழைத்து வருவதில்லை என்று கேட்டேன். "வரமாட்டாருங்க. என்னய விட அவரு நொம்பப் பயந்துக்குவாரு. அப்பறம் நான் யாருக்குன்னு தண்ணி குடுக்கறது?"

காளியாயியின் பயம் ஊரறிந்தது. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவார். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது காலும் பலகையை அழுத்தும். விழுவது என்ற சொல்லையே அவர் வாயில் எடுப்பதில்லை. மரத்திலிருந்து பலாப்பழம் விழுந்தால் "பழம் எறங்கிருச்சு" என்பார். மழை எறங்கும், பேரன் மேல் இடறிய பக்கத்து வீட்டுக் கிழவர் எறங்குவார். தம்பி பந்தயத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம் இது என்று ஏரிக்கரையில் கடை போட்டிருக்கும் மற்றவர்கள் சொல்கிறார்கள்.

தம்பி பெயர் குழந்தைவேல். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, காளியாயி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒண்டிக்கடை அருகே ஒரு ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். யாரோ கழித்துப்போட்ட யெஸ்டி பைக் ஒன்றைப் பிரித்துக் கோத்து, அதிலேயே பந்தயத்தில் கலந்துகொள்கிறான். முதல் தடவை அவன் ஓட்டுவது அக்காவுக்குத் தெரியாது. விஷயம் காதில் விழுந்ததும் எண்ணெய் தடவிய கத்தி கையிலிருக்க ஓடி வந்து கேலரியில் ஏறிவிட்டார். அவன் மூன்றாவதாக வந்தான். இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவன், அக்காவின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"நீ ஒக்காந்திருந்த எடத்துல தான் அக்கா நான் பிரேக்கப் புடிச்சேன். உன்ற மஞ்சச் சேல தெரிஞ்சுது பாரு, கையி தானாப் போயிருச்சு."

அவ்வளவுதான் சொன்னான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அதே பூசணிப்பூ மஞ்சள் சேலை, அதே இடம். வளைவுக்குக் கிட்டே போய்விட்டால் தம்பி தாமதமாகப் பிரேக் பிடிப்பான். தள்ளிப் போய்விட்டால் முன்னதாகவே பிடிப்பான், பின்னால் வருகிறவன் அவன் மேல் மோதிவிடுவான். முதல் நாளே வந்து உட்கார்ந்து உட்கார்ந்து பார்ப்பது இதற்காகத்தான். "வேடிக்க பாக்கவாங்க வர்றேன்? பந்தயத்துல பாதி நேரம் எனக்குக் கண்ணே தெரியாதுங்க. நான் ஒக்காந்திருக்கோணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஏரியிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. மரங்களின் அடிப்பாகம் தெரியவில்லை. காளியாயி பழம் அறுத்த எண்ணெய்க் கையோடு, காலிச் சாக்கைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு மஞ்சள் சேலையில் வந்தார். டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு மேலே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மூன்றாவது பலகையின் இடப்பக்கம் முழுவதும் கயிறு கட்டி, ஜமுக்காளம் விரித்து, மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர்களின் குடும்பங்களுக்காம். காலையில்தான் முடிவாகியிருக்கிறது.

கிளப் செயலாளர் தேவசிகாமணி நல்ல மனிதர். காளியாயி தவிப்பதைப் பார்த்து அவரே கிட்டே வந்தார். "இந்தப் பக்கம் வாம்மா. வளைவுக்குப் பக்கத்துலயே நல்ல எடமா ஒண்ணு தர்றேன். இன்னும் நல்லாத் தெரியும்."

"ஐயோ, அங்க வேண்டாமுங்க! அங்க ஒக்காந்தா அவன் நேரங்கழிச்சுப் புடிப்பானுங்க."

"யாரு? எதைப் புடிப்பான்?"

காளியாயிக்கு விளக்கத் தெரியவில்லை. நான் விளக்கினேன். தேவசிகாமணி சிரிக்கவில்லை, ஆனால் விருந்தினர்களின் கார் அப்போது வந்து நின்றுவிட்டது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று காளியாயி புறப்பட்டார். பந்தயம் தொடங்கும் இடம் சாலைக்கு எதிர்ப்புறம். போலீஸ்காரர்கள் குறுக்கே விடவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு "கொழந்தவேலூ" என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார். எதிர்ப்புறம் என்ஜின்களை ஒவ்வொன்றாக உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நான் எங்கீங்க ஒக்காரட்டும்?"

பின்னால் நின்றவர் நீட்டிய டிக்கெட்டை வாங்கிக் கிழித்தேன்.

கொடி அசைந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் அவரைக் காணோம். குனிந்து தேடினேன். கேலரிக்கு அடியில், சவுக்குக் கம்புகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பழம் கொண்டு வரும் சாக்கு ஒன்றை உடம்போடு சுற்றியிருந்தார். மஞ்சள் ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை.

"நான் வரலீன்னே அவன் நெனச்சுக்கட்டுமுங்க. என்னயக் காணமின்னா அவனாப் பாத்துப் புடிச்சுக்குவான்."

அங்கிருந்து அவருக்குச் சாலை தெரியாது. தலைக்கு மேலே பலகை இடுக்கில் கால்கள்தான் தெரியும். காதை வைத்தே பந்தயம் பார்த்தார். வண்டிகள் ஏரியின் மறுபக்கம் போகும்போது சத்தம் தண்ணீர் மேலாக வந்தது. மேட்டில் ஏறும்போது மங்கியது. மரங்களுக்குள் நுழைந்ததும் சுத்தமாக நின்றுபோகும் ஒரு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் மட்டும் காளியாயி மூச்சு விடவில்லை. பிறகு யெஸ்டியின் தடதடவென்ற சத்தம் வெளியே வந்து, தணிந்து, வளைவைத் தாண்டிப் போகும். "போயிட்டானுங்களா?" என்பார். "போயிட்டான்" என்பேன். இப்படியே சில சுற்றுகள் நல்லபடியாகப் போயின. அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

விருந்தினர் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தது அப்போதுதான். பனியில் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. பலகை மேலேயே நடந்து வளைவுப் பக்கத்துக்குப் போய், ஓரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கட்டியிருந்தது மஞ்சள் பட்டு. அந்தப் பனியில் வேறெந்த நிறமும் தெரியவில்லை. அது மட்டும் தெரிந்தது.

காளியாயி கீழிருந்து அந்த மஞ்சள் சேலைக் கரை நகர்ந்து போவதைப் பார்த்திருக்கிறார். சாக்கை உதறிக் கையில் பிடித்தபடி வெளியே பாய்ந்தார். கம்பைப் பற்றி மேலே ஏறினார். வண்டிகளின் சத்தம் மரங்களுக்குள் நுழைந்து நின்றுவிட்டிருந்தது.

"அம்மா, ஒக்காருங்கம்மா! உங்களக் கும்பிடறேனுங்க, அங்க நிக்காதீங்க, ஒக்காருங்க!"

அந்தப் பெண்மணி பயந்துபோனார். எண்ணெய்க் கையோடு யாரோ தோளைப் பிடித்து இழுத்தால் யாருக்குத்தான் பயம் வராது? உதறிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "யாரது? பிடிங்க இவளை" என்று கூட்டத்தில் கத்தினார்கள். காளியாயி சாக்கை விரித்து அந்தப் பட்டுச் சேலை மேலே போர்த்தினார். போர்த்தியபடியே அணைத்துக் கீழே உட்கார வைக்கப் பார்த்தார்.

மூன்று வண்டிகள் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தன. நடுவில் யெஸ்டி. முன்னால் போனவன் பிரேக் பிடித்தான். பின்னால் வந்தவனும் பிடித்தான். யெஸ்டி மட்டும் அதே வேகத்தில் வந்தது. பிறகு டயர் கீச்சிட்டது. வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக ஒதுங்கியது. வைக்கோல் கட்டுகள் பறந்தன.

வைக்கோல் தூசு இறங்கிக்கொண்டிருந்தது. காளியாயி ஓடவில்லை. அந்தப் பெண்மணியின் தோளைப் பிடித்த பிடியிலேயே நின்றார். வாய் மட்டும் அசைந்தது. அந்த முகத்தை அருகில் பார்த்த பெண்மணி உதறுவதை விட்டுவிட்டு, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு ஹெல்மெட் மெல்ல எழுந்தது. காளியாயி அப்போதுதான் பலகையில் உட்கார்ந்தார்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கிளப் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மழைக்காலம் பாதி போகும்வரை கட்டோடு இருந்தான் குழந்தைவேல். "ரோட்டுல எண்ணெய் சிந்தியிருந்துச்சு, வழுக்கிருச்சு. சேலையவும் பாக்கல, ஒண்ணயும் பாக்கல" என்று அக்காவிடம் சொன்னானாம். அப்படியானால் முதல் தடவை பிரேக் பற்றிச் சொன்னது? அது சும்மா விளையாட்டுக்காம். காளியாயி நம்பவில்லை. "என்னயத் தேத்தறதுக்குச் சொல்றானுங்க" என்றார் என்னிடம். ஒருநாள் ஒர்க் ஷாப்பில் அவனைத் தனியாகக் கேட்டேன். கையை வேஸ்ட் துணியில் வெகுநேரம் துடைத்தான். "எனக்கே தெரியலீங்க அண்ணா. அக்கா இருக்குதான்னு பாத்தது நெசந்தான்" என்றான்.

இந்த ஆண்டும் ஓட்டினான். வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கவில்லையா என்று காளியாயியைக் கேட்டேன். சுளை எடுத்துக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார். "சொன்னா கேக்கற வயசாங்க? நான் அழுதா அது அவன் மனசுல நிக்கும். அதோட அவன் வண்டி ஏறுனா இன்னும் மோசமுங்க. அவன் முன்னாடி நான் சிரிச்சுட்டுத்தான் இருக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தும் காட்டினார். "இனி நீ எங்க வேணா ஒக்காரு அக்கா, நான் ரோட்டப் பாத்துக்கறேன்னு சொல்லீட்டான்."

முதல் நாள் கேலரி கட்டும்போது அவர் வரவில்லை. முருகேசன் மேஸ்திரி இரண்டு தடவை விசாரித்தார். பந்தயத்தன்று காலை சாம்பல் நிறச் சேலையில் வந்தார். தேவசிகாமணி அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து, மூன்றாவது பலகையில் பழைய இடத்தைக் கைகாட்டினார். இந்த முறை கயிறு எதுவும் கட்டவில்லை. காளியாயி கும்பிட்டார், ஏறவில்லை. கேலரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். நிழல் பக்கம் இடமிருந்தது. ஓரத்தில் இடமிருந்தது. "எங்க ஒக்காந்தாலும் கண்ணு அந்த வளைவுக்குத்தானுங்க போவுது" என்றார்.

போன ஆண்டு விபத்துக்குப் பிறகு, கிளப் இந்த முறை ஆம்புலன்ஸ் வேன் ஒன்றை வரவழைத்துக் கேலரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தது. காளியாயி அந்தப் பக்கமாக நடந்தார். டிரைவரிடம் என்னவோ கேட்டார். அவர் பின்கதவைத் திறந்து உள்ளே இருந்த ஸ்ட்ரெச்சரைக் காட்டினார். "யாராச்சும் அடிபட்டா இதுல படுக்க வெச்சுத்தாம்மா கொண்டு போவோம்." காளியாயி சற்று நேரம் உள்ளே பார்த்தார். பிறகு தானே கதவைச் சாத்தினார்.

எதிர்ப்புறம் முதல் என்ஜின் உறுமியது. காளியாயி வேனின் பின்படியில் உட்கார்ந்தார். இரண்டு கதவும் சேரும் இடத்தில் முதுகை வைத்து, கால்களை மண்ணில் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் கதவை அழுத்திக்கொண்டார்.