கோமதியும் பிரெஞ்சு ராணியும்

சாம்பிராணிப் புகையும் புது அட்டையின் வாசனையும் ஒன்றாக வந்தால் போதும்... நீடாமங்கலத்து அம்மா வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

என் தங்கை கோமதிக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை காரைக்கால்காரர், பிரெஞ்சு நேஷனாலிட்டி. தாலி கட்டிய கையோடு பாரிஸுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். இவளுக்கு விசா பேப்பர் வர வேண்டும். அதுவரை பொழுது போகட்டுமென்று அட்டைத் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா பஸில் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மூடியில் ஒரு பிரெஞ்சு ராணியின் படம். பட்டு கவுன், கையில் ரோஜா, தலையில் இறகு வைத்த பெரிய தொப்பி.

"கோழி அடைக்கு உக்காந்த மாதிரி இருக்குல்லக்கா?" என்று சிரித்தாள் கோமதி.

நான் வாழ்க்கைப்பட்டதும் அதே தெருதான். பூஜையும் சமையலும் முடித்து மதியம் போய்விடுவேன். பழைய மரப்பலகையில் இருவரும் அடுக்குவோம். பருப்பில் கல் பொறுக்கிப் பழகிய கண் எனக்கு, ரோஜாத் துண்டுகளைத் தனியே பிரித்துவிடுவேன். எழுந்திருக்கும்போது மிச்சத்தை எண்ணி டப்பாவில் போட்டால்தான் மனசு ஆறும். தெருவில் குறுவை நெல் காய்ந்த சமயம். தூசு படாமலிருக்க அம்மா தன் புடவை ஒன்றைப் போட்டு மூடிவைப்பாள்.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி. "பேப்பர் வந்துச்சா?"

"வரும், வரும்" என்பாள் அம்மா. அவர்கள் போனதும், "மெதுவா வரட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அப்பா இல்லாத வீடு. நானாவது கூப்பிடு தூரம். இவள் கடல் தாண்டிப் போகிறவள். போனால் மறுபடி எப்போது பார்ப்போம் என்பதுதான் அம்மாவின் பயம்.

ராணியின் முகம் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ரிட்டயர் ஆன அடுத்த வீட்டு வாத்தியார் அன்று வந்தவர், பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அட, இந்தம்மாவா... ஆஸ்திரியாவுல பொறந்த பொண்ணு. பதினாலு வயசுல பிரான்ஸுக்குக் கட்டிக் கொடுத்துட்டாங்க. எல்லையில வெச்சு, பொறந்த வீட்டு உடுப்பையெல்லாம் மாத்திட்டுத்தான் அந்தப் பக்கம் அனுப்புனாங்களாம். கடைசியில புரட்சி வந்து..." கோமதியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார். தலையை வெட்டிட்டாங்க. அவரு ஏற்கனவே சொல்லிட்டாரு."

அம்மாவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அதுக்கு முன்னாடி... அந்தப் பொண்ணு ஒரு தடவையாவது வந்து அவ அம்மாவைப் பாத்துச்சா சார்?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லம்மா. லெட்டர் போட்டுக்கிட்டதோட சரி. பாக்கவே இல்ல."

அம்மா எழுந்து உள்ளே போனாள். குங்குமச் சிமிழோடு வந்து, குனிந்து, ராணியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"என்னம்மா நீ, வெள்ளைக்காரிக்குப் போயி..."

"வெறும் நெத்தியா இருக்கு. நீ சும்மா இருடி."

அடுத்த மாதம் பேப்பர் வந்துவிட்டது. வாசலில் கோமதி "போயிட்டு வரேம்மா" என்றாள். "வா" என்றாள் அம்மா. அந்த ஒரு வார்த்தைதான்.

முதல் வருஷம், அங்கே தங்குவதற்கான கார்டு கைக்கு வரவில்லை. வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது என்றார்களாம். அடுத்த வருஷம் அவளுக்கு நிறைமாசம். பிளேனில் ஏற்ற மாட்டார்கள். அந்த மாசியில்தான் அம்மா நெஞ்சுவலி என்று படுத்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை.

போனில் நான்தான் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "என்ன புடவைக்கா கட்டி விட்டீங்க?"

அப்போதெல்லாம் ஒரு போன் வர வாரக்கணக்கில் காத்திருப்போம். இப்போது நினைத்த நேரத்தில் வீடியோவில் வருகிறாள். அவள் அடுப்பில் குழம்பு கொதிப்பதுகூட எனக்குத் தெரிகிறது. லீவுக்கு வருஷா வருஷம் வரவும் செய்கிறாள். எல்லா வசதியும் வந்துவிட்டது... அம்மா போன பிறகு. பகவானிடம் நான் எதையும் குறையாகச் சொல்வதில்லை. இந்த ஒன்றைத் தவிர.

சில நாள் பேச்சு நடுவில், "அக்கா, போனைக் கொஞ்சம் சாமி ரூம் பக்கம் திருப்பேன்" என்பாள். அம்மா படத்துக்கு நேரே பிடிப்பேன். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். கை வலித்தாலும் நான் இறக்குவதில்லை.