துளை குடித்த கஞ்சி

என் மனைவி எனக்காகக் காய்ச்சித் தரும் கஞ்சியை நான் குடிப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஊற்றிவிடுகிறேன்... ஆம், ஒரு சொட்டு விடாமல் ஊற்றிவிடுகிறேன்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் பாதி நாள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மீதிப் பாதியைத்தான் உங்களிடம் இறக்கிவைக்க வந்தேன்.

நான் உத்தமபாளையத்துக்காரன்; கல்லூரியில் வேதியியல் ஆசிரியன். என் ஆராய்ச்சி சேற்றைப் பற்றியது. ஆற்றோர மணல் பூமியில் துளை போடும்போது சுவர் சரியாமலிருக்கக் களிமண் கரைத்த சேற்றுநீரை உள்ளே ஓட்டுவார்கள். அந்தச் சேற்றின் தண்ணீரை மணல் உறிஞ்சிக்கொண்டால் தீர்ந்தது கதை. சுவர் சரியும், குழாய் சிக்கும். கண்ணுக்குத் தெரியாத நானோத் துகள்களைக் கலந்தால் அவை நுண்ணிய இடுக்குகளை அடைத்துக் கசிவைக் குறைக்கும் என்பது என் கட்சி. ஆய்வுக்கூடத்தில் வடிதாளின் மேல் குறைத்தது, பொய்யில்லை!

மனைவி ஜமீலாவின் தம்பி சிக்கந்தர் ஆழ்துளை போடும் போர் வண்டி வைத்திருக்கிறான். ஒரு ரம்ஜான் மாலை, ஆற்றோரத் தோட்டமொன்றில் அவன் போட்ட துளை சரிந்துகொண்டே இருந்தது. இன்னொரு குழாய் சிக்கினால் வண்டியை விற்கவேண்டியதுதான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் விடுவேனா? நானோப் பொடியோடு போனேன். போகிற வழியில், நோன்பு திறக்கப் பள்ளிவாசல் கஞ்சியையும் ஒரு குண்டான் நிறைய வாங்கிக்கொண்டேன். பொடியைச் சேற்றுக்குழியில் கொட்டிக் கலக்கினேன். எல்லோரும் கைகால் கழுவப் போயிருந்த நேரம், கஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவன் தண்ணீர்க் குழாயில் கால் தடுக்கி... குண்டான் குழிக்குள் கவிழ்ந்தது!

பள்ளிவாசல் கஞ்சி! பகலெல்லாம் நோன்பிருந்து உழைத்தவர்களின் கஞ்சி! நான் என்ன செய்தேன் தெரியுமா? காலிக் குண்டானை என் வண்டியில் ஒளித்துவிட்டு, "கஞ்சி தீர்ந்துபோச்சுப்பா" என்றேன். பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் வைத்து நோன்பு திறந்தார்கள், பாவம்.

பிறகு போர் வண்டியை ஓட்டினால், துளை சரியாமல் நின்றது. சுவர் அசையவில்லை. தண்ணீரும் வந்தது! சிக்கந்தர் என்னைத் தூக்கிச் சுற்றினான். "மச்சான், ஒங்க நானோ என் வண்டியக் காப்பாத்திருச்சு!"

நானும் அப்படித்தான் நம்பினேன். அடுத்த துளையில் பொடியை மட்டும் கொட்டினேன். சேறு அப்படியே இறங்கிப்போயிற்று. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பருமணலுக்கு என் துகள் மிகச் சிறியது. சல்லடையைக் கடுகு போட்டு அடைக்க முடியுமா? அன்று அடைத்தது கஞ்சியில் குழைந்த அரிசியும் வெந்தயமும்!

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் சிக்கந்தர் வண்டியின் நெற்றியில் 'நானோ' என்று எழுதிவிட்டிருந்தான். கல்லூரியில் பொன்னாடை போர்த்தியாயிற்று. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு கஞ்சியென்று எப்படிச் சொல்வது? ஓடிப்போய் ஜமீலாவிடம், "கஞ்சி குடிக்கணும்போல இருக்கு, நெறையா வையி" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! அவள் சமையலை நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து வண்டி கிளம்பும் நாளெல்லாம் விடியுமுன் எழுந்து காய்ச்சுகிறாள். தோட்டத்து ஆட்களோடு பகிர்ந்து குடிப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். தம்பியிடம் கஞ்சியைப் பற்றி அவள் கேட்பதில்லை. ரம்ஜான் தவிர மற்ற நாளில் கஞ்சி என்றாலே அவன் முகம் சுளிப்பான். நான் வழியில் என் வண்டியை நிறுத்திக் கஞ்சியையும் பொடியையும் மூடி போட்ட டிரம்மில் கலந்துவிடுவேன். ஒருநாள் வேலையாள் ஒருவர், "என்ன சார், நானோல பூண்டு வாட அடிக்குது?" என்றார். "உயர்ரக நானோ அப்படித்தான் இருக்கும்" என்றேன். என் படிப்பைத் தூக்கி எங்கே போடுவது, சொல்லுங்கள்!

நேற்று ஒரு துளை. சேறு கல்லில் எழுதியதுபோல் நின்றது. இத்தனை நாளில் அப்படி நின்றதேயில்லை! ஆனந்தமாக வீடு திரும்பினேன். ஜமீலா வாசலிலேயே கேட்டாள்:

"என்னங்க, இன்னைக்குக் கஞ்சி எப்படி இருந்துச்சு? தோட்டத்து ஆளுக என்ன சொன்னாக?"

"இதுவரைக்கும் வச்சதுலயே இதுதான் அருமை" என்றேன். அந்த ஒரு சொல் மட்டும் சத்தியம்!

அவள் என்னையே பார்த்தாள். "உப்புப் போட மறந்துட்டேங்க. காலையிலருந்து மனசே சரியில்ல எனக்கு..."

 உப்பு சேர்ந்தால் களிமண் சேறு திரிந்துபோகும். உப்பில்லாததால்தான் அப்படி நின்றது. வேதியியல் ஆசிரியனுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வர வேண்டுமா!

அவள் வேறொன்றைப் புரிந்துகொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "குறை சொல்ல மனசு வரலையாக்கும்? உப்பில்லாத கஞ்சிய எனக்காகக் குடிச்சிட்டு வந்து நிக்கிறாகளே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம்... அந்தக் கணத்திலாவது! கையை விடுவித்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாளை ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் துளை. அடுப்படியில் இப்போதே அரிசி ஊறுகிறது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெந்தயம் அளக்கிறாள். நாளைக்கு உப்பை மறக்கவே மாட்டாளாம். உப்பு வேண்டாமென்று அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்!