எக்ஸ்ரே படத்தில் தெரியாத முகம்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் விடுதலைக்கு, முந்தைய மாதங்களில், மலாக்காவின் ஆங்கில விவாத மேடைகளில் எனக்கு நிகர் எவருமில்லை என்ற செருக்குடன் திரிந்தேன். ஆகவே, ஏழு மாதக் கர்ப்பிணியான என் அக்கா, வயிறு அளவுமீறிப் பருத்தபோது, வெள்ளைக்கார மருத்துவரின் பேச்சை மொழிபெயர்க்க, காஜா பெராங் பகுதியிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு என்னையே அழைத்துச் சென்றாள்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். சிறு முதுகெலும்பு மணிமாலையாய் வெளுத்துத் தெரிந்தது. விலா எலும்புகளும் மடக்கிய கால்களும் தெளிவாக இருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் இருள்.

“மண்டையோடு உருவாகவில்லை. பிறந்தாலும் பிழைக்காது. அவரிடம் சொல்லுங்கள்,” என்றார் ஆங்கிலத்தில்.

அக்கா படத்தை ஆசையோடு பார்த்தாள். “முகம் யாரு ஜாடை தம்பி? உங்க அத்தான் மூக்கா?”

படத்தில் கழுத்துக்கு மேலிருந்த இருளுக்கே என் பார்வை திரும்பியது.

“மேடையில மூச்சு விடாம பேசுவியே, இப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று சிரித்தவள், என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். “பாரு, உதைக்குது.”

உதைத்தது. படத்தில் அசைவற்றிருந்த அந்தக் கால்கள் என் உள்ளங்கையை உதைத்தன.

என் முகத்தையே பார்த்திருந்த அக்காவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. “நீயே பேசாம நிக்கிறியே... போதும் தம்பி, புரிஞ்சிருச்சு.”

இன்றும் மேடையேறி அவை அமைதியாகும் கணத்தில், அந்தக் கால்கள் என் உள்ளங்கையில் உதைக்கின்றன. அவை ஓயும்வரை நான் பேசத் தொடங்குவதில்லை.